‘ஒருவகைப் பூ’ என்று எழுதினால் போதுமா?
காந்தள், தோன்றி, கோடல் பற்றிய ஒரு சிந்தனை

சங்க இலக்கியம் பயிலும் மாணவர் கையிலுள்ள உரைக்குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்போமாயின், ஒரு தொடர் மீண்டும் மீண்டும் கண்ணிற்படும். ‘ஒருவகைப் பூ’ என்பதே அத்தொடர். பிடவம் ஒருவகைப் பூ. தளவம் ஒருவகைப் பூ. குளவி ஒருவகைப் பூ. மாணவர் அதனை மனனம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அப்பூ கொடியில் பூப்பதா, மரத்தில் பூப்பதா, அதன் நிறம் யாது, மணம் யாது என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவதே இல்லை. கல்லூரி மதிற்சுவருக்கு அப்பால் உள்ள வேலியில் அதே கொடி படர்ந்து பூத்திருந்தாலும், பாடிய புலவன் கண்ட பூ அதுதான் என்பதை அறியாமலேயே நம் மாணவன் அதனைக் கடந்து செல்கின்றான்.

இந்நிலை மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுவாகப் பேசினால் கருத்து காற்றோடு போய்விடும். ஆகவே ஒன்றோடொன்று மயங்கும் மூன்று பூப்பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய முற்படுகின்றோம். அவை காந்தள், தோன்றி, கோடல் என்பன.

பெயரறிவே முதலறிவு

இறைவன் முதல் மனிதராகிய ஆதம் (அலை) அவர்களுக்கு எல்லாப் பொருள்களின் பெயர்களையும் கற்பித்தான் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. வானவர்க்கும் வாய்க்காத சிறப்பாக அங்கே பேசப்படுவது பெயரறிவேயாகும். ஆறாம் அத்தியாயமோ ஒலிவமும் மாதுளையும் ஒன்றையொன்று ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதைச் சுட்டி, அவற்றின் கனி காய்ப்பதையும் பழுப்பதையும் உற்று நோக்குமாறு பணிக்கின்றது. ஒப்புமையையும் வேற்றுமையையும் நோக்கியறிதல் ஓர் இறைப்பணிக்கு நிகரான செயல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. நிலத்திற்குப் பூவின் பெயரை இட்டு, முல்லை என்றும் குறிஞ்சி என்றும் நெய்தல் என்றும் அழைத்த இனம் நம்மினம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை வரிசைப்படுத்திச் சொன்னார். பெயர் வேறு, பூ வேறு, பொருள் வேறு என்னும் துல்லியம் அவர்க்கு இருந்தது. அத்துல்லியத்தை ‘ஒருவகைப் பூ’ என்னும் இரண்டே சீர்களுக்குள் அடைத்துவிடுதல் முறையன்று.

மூன்று பெயர்கள்

கபிலர் தந்த வரிசை செங்காந்தளில் தொடங்குகின்றது. அதே வரிசையில் தோன்றியும் உண்டு; கோடலும் உண்டு. மூன்றையும் தனித்தனியே எண்ணியிருக்கின்றார். ஆயின் அகராதிகளைப் பார்த்தால் தோன்றி என்பது செங்காந்தள் என்றும், கோடல் என்பது வெண்காந்தள் என்றும் காணப்படும். அவ்வாறாயின் கபிலர் கூறியது கூறினாரா? ஒரே பூவை இருமுறை எண்ணினாரா? அன்றி அகராதிகள் வேற்றுமையைக் கைவிட்டு நிறத்தை மட்டும் கொண்டு மூன்றையும் ஒன்றாக்கினவா?

இவ்வினாவிற்கு விடைகாணப் புத்தகம் மட்டும் போதாது. முதலில் செடியைக் காணவேண்டும்.

செடி கூறும் செய்தி

இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் செங்காந்தளைத் தாவரவியலார் குளோரியோசா சூப்பர்பா என்பர். லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இட்ட பெயர் இது. கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று பல பெயர்களால் மக்கள் இதனை வழங்குவர். ஏரின் வடிவில் வளைந்த கிழங்கினை உடைமையால் கலப்பைக் கிழங்கு ஆயிற்று. வடமொழியார் இலாங்கலி என்றதும் அப்பொருளிலேயே.

இதனை மற்றைய செடிகளினின்றும் பிரித்தறிய நான்கு அடையாளங்கள் போதும். ஒன்று, இலை. இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகிலுள்ள புதரைப் பற்றிக்கொண்டு ஏறும். இரண்டு, இதழ். ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து, பின்னோக்கி வளைந்து, மேல்நோக்கி நிற்கும். மூன்று, சூல்தண்டு. சூலகத்தினின்று நேரே எழாமல் ஒரு பக்கமாக மடங்கிச் செல்லும். நான்கு, கிழங்கு. வெங்காயம் போல் ஏடேடாக உரிவதன்று. கலப்பை போன்ற திரண்ட கிழங்கு.

நிறத்தை நாம் இங்கே அடையாளமாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இப்பூ மலரும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருக்கும். பின்னர் இதழ்நுனி சிவந்து, நாளடைவில் முழுதும் குருதி நிறம் கொள்ளும். ஒரே கொடியில் மஞ்சட்பூவும் செம்பூவும் ஒருங்கே காணலாம். நிறம் ஒன்றையே கொண்டு இனம் பிரிக்கப் புகுந்தவன் ஒரே கொடியில் இரண்டு இனங்களைக் கண்டதாகக் கூறவேண்டி வரும்! உறவுடைய செடிகளை வேறுபடுத்துவதில் முதலில் தள்ளத்தக்கது நிறமே என்னும் பாடத்தை இக்கொடியே நமக்குக் கற்பிக்கின்றது.

உறவு பற்றியும் ஒரு சொல். முன்னர்த் தாவரவியலார் வெங்காயம், சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான், காந்தள் அனைத்தையும் லில்லிக் குடும்பம் என்னும் ஒரே குடையின்கீழ் நிறுத்தினர். மரபணு ஆய்வுகள் வளர்ந்தபின், 1998 முதல் வெளிவந்த புதிய வகைப்பாடுகளில் அக்குடும்பம் பலவாகப் பிரிந்தது. காந்தள் கோல்சிகேசி என்னும் தனிக் குடும்பத்தைச் சார்ந்தது. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளில் நீண்ட வெண்ணிற ஊதுகுழல் போலப் பூக்கும் லிலியமே உண்மையான லில்லி. அதற்கு இலைநுனிப் பற்றுக்கம்பி கிடையாது. நிலத்தடியில் செதில் செதிலான குமிழ் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துக் கண்டவர் ஒருநாளும் மயங்கார்.

தோன்றி யாது?

இனி இலக்கியத்திற்கு வருவோம். தோன்றியைப் பற்றிப் புலவர்கள் கூறுவனவற்றைத் தொகுத்தால் ஓர் உருவம் எழுகின்றது. குறுந்தொகையின் 107ஆம் பாட்டில் சேவலின் சிவந்த கொண்டைக்குத் தோன்றிப்பூ உவமையாகின்றது. நற்றிணையின் 69ஆம் பாட்டில் மாலைப்பொழுதில் தோன்றி புதர்தோறும் விளக்கேற்றியது போல் பூக்கின்றது. முல்லைப்பாட்டில் நப்பூதனார் கார்காலத்து முல்லை நிலத்தை வருணிக்கும்போது தோன்றி குருதி நிறத்தில் பூத்ததாகக் கூறுகின்றார்.

சேவற்கொண்டை வெறும் சிவப்பன்று. ஓரம் நெளிநெளியாக மேல்நோக்கி நிற்பது. குளோரியோசாவின் இதழை நேரிற் கண்டவர்க்கு இவ்வுவமையின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். விளக்கு மரத்தில் ஏற்றப்படவில்லை, தரையில் வைக்கப்படவில்லை, புதரின்மேல் ஏற்றப்பட்டது. புதரைப் பற்றி ஏறும் கொடி என்பதைப் புலவர் ஒரே சொல்லில் உணர்த்திவிட்டார். மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்களும் காற்றில் அசையும் சுடரையே ஒத்திருக்கும்.

இதற்கு மேலும் ஒரு சான்று நம் அண்டை மொழியில் உள்ளது. மலையாளத்தில் இக்கொடிக்கு இன்றும் வழங்கும் பெயர் மேந்தோன்னி என்பது. தமிழில் ‘ன்ற’ என வருவது மலையாளத்தில் ‘ன்ன’ என வரும். ஒன்று என்பது ஒன்னு ஆதலும், கன்று என்பது கன்னு ஆதலும் காண்க. அம்முறையே தோன்றி என்பது தோன்னி ஆயிற்று. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்னும் பெருநூலிலும் இக்கொடி இப்பெயராலேயே இடம்பெற்றுள்ளது. அந்நூலின் படங்களில் செடிப்பெயர்கள் மலையாள எழுத்தோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. தமிழகத்தில் வழக்கொழிந்த சங்கச்சொல் மேற்கு மலைக்கு அப்பால் மக்கள் நாவில் உயிரோடு உலவுகின்றது. ஆகவே தோன்றி என்பது குளோரியோசாவே என்று கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

காந்தள் யாது?

காந்தளின் வழக்கு இத்துணை எளிதன்று. குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே முருகனின் குன்றம் குருதி நிறக் காந்தளை உடையதாகப் பேசப்படுகின்றது. அந்நூலின் 185ஆம் பாட்டில், காற்றில் சாய்ந்து கூம்பிய செங்காந்தள் படம் சுருங்கிய பாம்பினை ஒத்திருக்கின்றது. 361ஆம் பாட்டில் கபிலர் பாடிய காந்தள் மலையருவியில் வேரோடு அடித்துவரப்பட்டு, மீண்டும் நடத்தக்கதாக விளங்குகின்றது. சிவப்பு நிறம், பின்வளையும் இதழ், நட்டால் முளைக்கும் கிழங்கு ஆகிய மூன்றும் குளோரியோசாவிற்குப் பொருந்துவனவே.

ஆயின் புறநானூற்றின் 90ஆம் பாட்டில் ஔவையார் உடைந்த வளையைப் போலக் காந்தள் மலர்ந்ததாகக் கூறி, மலைச்சாரலில் குளவியோடு அது மணப்பதாகவும் பாடுகின்றார். அக்கால வளை சங்கினால் ஆயது; வெண்மையுடையது. குளோரியோசாவிற்கு மக்கள் மெச்சும் மணம் கிடையாது. குறுந்தொகையின் 239ஆம் பாட்டிலோ காந்தளின் நறுமணத் தாதினைத் தும்பி ஊதுகின்றது. திருமுருகாற்றுப்படையிலோ முருகன் சூடும் காந்தளை வண்டும் மொய்ப்பதில்லை.

இங்கே இரண்டு நெறிகள் உண்டு. உடைந்த வளை என்னும் உவமை நிறம் பற்றியதன்று, வடிவம் பற்றியது என்று கொண்டால், வளைந்த இதழ் உடைந்த வளைத்துண்டினை ஒத்தது என்று பொருள்படும்; பூ குளோரியோசாவாகவே நிற்கும். நிறம் பற்றியது என்று கொண்டால், காந்தள் என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பூக்களுக்கு வழங்கியது என்று ஏற்கவேண்டும். உவமை எதனைப் பற்றியது என்று கேட்டு, வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியர் வகுத்த நால்வகையில் வைத்து ஆராயும் மாணவனுக்கு உவமையியல் ஏட்டுப்பாடமாக இராது.

அவ்வாறாயின் தோன்றியும் காந்தளும் ஒன்றேயானால் கபிலர் ஏன் இரண்டாக எண்ணினார் என்று வினவலாம். ஒரே தென்னையின் காயை நாம் குரும்பை என்றும் இளநீர் என்றும் தேங்காய் என்றும் பருவத்திற்கேற்ப அழைப்பதில்லையா? நிறம் மாறிக்கொண்டே செல்லும் ஒரு பூவிற்குப் பருவத்திற்கொரு பெயரோ நிலத்திற்கொரு பெயரோ அமைந்திருத்தல் இயல்பே. காந்தள் பெரும்பாலும் மலைச்சாரலிலும், தோன்றி பெரும்பாலும் முல்லைப்புறவிலும் பாடப்பெறுவது இதற்கு அரணாகின்றது. எந்நிலத்துப் பூவும் பிற நிலத்தில் மயங்கி வரலாம் என்று தொல்காப்பியர் விதித்திருப்பதையும் ஈண்டு மறத்தலாகாது. திணை ஒன்றையே கொண்டு செடியைத் தீர்மானித்தலும் நிறம் ஒன்றையே கொண்டு தீர்மானித்தல் போன்ற பிழையேயாகும்.

கோடல் யாது?

மூன்றனுள் மிகுதியும் அநீதிக்குள்ளானது கோடல். வெண்காந்தள் என்னும் ஒரே சொல்லால் அதன் கதை முடிக்கப்படுகின்றது. குளோரியோசாவின் பூ கடந்து செல்லும் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் படிகளில் தூய வெண்மைக்கு இடமில்லை. அங்ஙனமாயின் வெண்மையான காந்தள் எங்கிருந்து வந்தது?

பாட்டுகளைக் கேட்போம். முல்லைப்பாட்டில் கோடலின் குவிந்த அரும்பு உள்ளங்கை விரிவது போல் அவிழ்கின்றது. அடுத்துத்தான் தோன்றி குருதி நிறத்தில் பூக்கின்றது. ஒரே காட்சியில் இரண்டும் வேறு வேறாக நிற்கின்றன. நற்றிணையின் 99ஆம் பாட்டில், பருவமல்லாத மழையைக் கார்மழை என்று மயங்கிப் பிடவும் கொன்றையும் கோடலும் மலர்ந்துவிட்டன, அவை மடமையுடையன என்று தோழி தலைவியைத் தேற்றுகின்றாள். குறுந்தொகையின் 62ஆம் பாட்டில் கோடலின் அரும்பு முல்லையோடும் குவளையோடும் சேர்த்துத் தொடுக்கப்பட்டுத் தலைவியின் நறுமேனிக்கு உவமையாகும் மாலையில் இடம்பெறுகின்றது.

மழை விழுந்தவுடன் பூத்தல், முல்லை நிலத்தில் வளர்தல், மணமலர்களோடு தொடுக்கப்படுதல், விரல்கள் விரிவது போல் அவிழ்தல், உரைமரபு கூறும் வெண்மை ஆகிய இவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், நிலத்தடிக் குமிழிலிருந்து மழைக்குப்பின் எழுந்து, குறுகி நீண்ட வெள்ளிதழ்களோடு மணம் கமழப் பூக்கும் கிரைனம், பங்கிராசியம் என்னும் இனங்கள் நினைவிற்கு வருகின்றன. விசமூங்கில் என்று நம்மவர் அழைப்பது கிரைனத்துள் ஒன்று. இவை காந்தளின் நெருங்கிய உறவினரல்ல. இவற்றில் இதழ்களுக்குக் கீழே சூலகம் அமைந்திருக்கும். காந்தளிலோ சூலகம் இதழ்களுக்கு மேலே, பூவின் நடுவே வெளிப்பட்டு நிற்கும். பங்கிராசியத்தில் மகரந்தத் தாள்கள் அடியில் இணைந்து ஒரு சிறு கிண்ணம் போல் அமையும். ஒரு பூவைக் கையிலெடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே இவ்வேறுபாடு புலனாகும்.

எதிர்வாதமும் உண்டு. கோடல் என்னும் சொல்லுக்கே வளைதல் என்பது பொருள். வளைந்த இதழுடைய காந்தளுக்கே அது பொருந்தும் என்பர். அவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும் பெயர்க்காரணம் ஒன்றைவிடப் பாட்டுகளில் பயிலும் செயலும் சூழலுமே வலுவான சான்றுகள் என்பது நம் துணிபு. ஆகவே, கோடலுக்கு வெண்காந்தள் என்று பொருளெழுதி முடித்துவிடுவதினும், ‘கார்மழையில் முல்லை நிலத்தில் மலரும் வெண்பூ’ என்று எழுதுதல் மேலானது. மாணவனைத் தேடத் தூண்டுவதுமாகும்.

இதனால் ஆவதென்ன?

சான்றோர் சிலர் கேட்கலாம்: ‘பாட்டின் சுவை உணர்ச்சியில் உள்ளது, செடியின் பெயரால் ஆவதென்ன?’ என்று. நியாயமான கேள்வியே. விடையைக் கபிலரின் 361ஆம் பாட்டே தருகின்றது. தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் அருவியாகி, காந்தளை வேரோடு கொணர்கின்றது. தலைவி அதனை இலை குழையத் தழுவுகின்றாள், வீட்டிற்குக் கொண்டு சென்று நடுகின்றாள், தாய் தடுக்கவில்லை. இக்கிழங்கு கோடையில் மண்ணுக்குள் உறங்கி, கொடி முழுதும் காய்ந்து மறைந்தபின்னும், அடுத்த மழையில் தளிர்த்தெழும் இயல்பினது. அதனை அறிந்தவனுக்கே தலைவி நட்டது செடியையன்று, நம்பிக்கையை என்பது புலப்படும். ‘ஒருவகைப் பூ’ என்று படித்தவனுக்கு அது கிட்டாது. நற்றிணைத் தோழியின் ஆறுதலும் அத்தகையதே. மழைத்துளி பட்டவுடன் பூக்கும் செடியை அறிந்தவனே அவள் வாதத்தின் நயத்தையும் அதனுள் மறைந்த பொய்யின் கனிவையும் உணர்வான்.

நயம் மட்டுமன்று, உயிரும் இதில் அடங்கியுள்ளது. காந்தளின் கிழங்கும் விதையும் கோல்சிசின் என்னும் கடும் நஞ்சினை உடையன. உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கி, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பிழைத்தோர்க்கும் சில நாள்களில் தலைமுடி உதிரும். வள்ளிக்கிழங்கிலிருந்து கலப்பைக் கிழங்கைப் பிரித்தறியாமை தேர்வில் ஒரு மதிப்பெண்ணை இழப்பதோடு முடிவதில்லை.

அதே நஞ்சு அளவறிந்தவர் கையில் மருந்துமாகும். காந்தளோடு ஒரே குடும்பத்தைச் சார்ந்த கோல்சிக்கத்தின் கிழங்கினை அரபு மருத்துவர்கள் சூரிஞ்சான் என்று அழைத்து, மூட்டு வாதத்திற்கு வழங்கினர். யூனானி மருத்துவத்தில் அது இன்றும் வழங்குகின்றது. இனிப்புச் சூரிஞ்சான், கசப்புச் சூரிஞ்சான் என்று இரண்டாகப் பிரித்து, இன்னது உள்ளுக்கு, இன்னது வெளிப்பூச்சுக்கு என்று அவர்கள் வரையறுத்தனர். உறவுடைய செடிகளைப் பிரித்தறிதல் அவர்களுக்கு நோயாளியின் உயிரைக் காப்பதோடு ஒன்றியிருந்தது. கோல்சிசினை 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தனர். இன்று ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் உழவர்கள் அதே கோல்சிசினுக்காகவே கண்வலிக் கிழங்கினைப் பந்தலிட்டு வளர்த்து விதையினை விற்கின்றனர். சூல்தண்டு ஒருபுறம் மடங்கி மகரந்தத்தைவிட்டு விலகி நிற்பதால், காலையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். வண்டும் மொய்க்காத காந்தள் என்ற திருமுருகாற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர் இச்செய்தியையும் சேர்த்துச் சொல்வாராயின், அவ்வகுப்பினை மாணவன் ஒருநாளும் மறவான்.

தீனவரி காட்டிய வழி

இலக்கியத்தில் வரும் செடிகளை ஆராய்தல் தமிழாசிரியரின் வேலையா, தாவரவியலாரின் வேலையா என்னும் ஐயம் எழலாம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீபா அத்தீனவரி என்னும் பேரறிஞர் இவ்வையத்தைத் தம் வாழ்வாலேயே தீர்த்துவைத்தார். அவர் மொழியறிஞர், வானியலும் கணிதமும் கற்றவர். அரபுக் கவிதைகளில் வரும் செடிகொடிகளின் பெயர்களைத் தொகுத்து, பாலைவனத்து நாடோடி மக்கள் கூறிய செய்திகளோடு ஒப்பிட்டு, ‘கிதாபுந் நபாத்’ என்னும் தாவர நூலை யாத்தார். அந்நூல் முழுதும் நமக்குக் கிடைக்கவில்லை. ஐதராபாத்தில் பிறந்த அறிஞர் முகம்மது ஹமீதுல்லா, பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களைத் திரட்டி, இழந்த பகுதியை 1973இல் கெய்ரோவில் வெளியிட்டார். கவிதையைப் புரிந்துகொள்ளச் செடியைத் தேடிச் சென்றவர் ஒருவர்; செடி பற்றிய நூலைத் தேடிச் சென்றவர் மற்றொருவர். மாலகாவில் பிறந்து 1248இல் திமிசுக்கில் மறைந்த இப்னுல் பைத்தார், நாடு நாடாகச் சென்று நேரிற் கண்டு, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு மருந்துப் பொருள்களை அகரவரிசையில் தொகுத்தார்.

தமிழிலும் இவ்வழி சென்றோர் உளர். பி. எல். சாமியும் கு. சீநிவாசனும் சங்க இலக்கியச் செடிகொடிகளைத் தாவரவியல் நோக்கில் ஆராய்ந்து நூல்கள் தந்தனர். அந்நூல்கள் நூலக அலமாரியில் உறங்குகின்றன. வகுப்பறையில் ‘ஒருவகைப் பூ’ ஆட்சி செய்கின்றது. நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டினையே தமிழ்நாட்டு மருதவளம் கொழிக்கும் நாடாகப் பாடினார். அவருடைய கற்பனையின் அருமை தமிழ்நிலத்துச் செடிகொடிகளை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும். ஆதலின் இஃது இலக்கிய மாணவர்க்கு மட்டுமன்றி, நம் சமுதாயத்தின் இலக்கியச் செல்வத்தைப் போற்ற விழைவார் அனைவர்க்கும் உரிய பணியாகும்.

செய்யத்தக்கன

பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் ஒருநாள், தமிழ்த்துறை மாணவரும் தாவரவியல் துறை மாணவரும் ஒருங்கே வெளியிற் சென்று வேலிகளையும் குன்றோரங்களையும் காணட்டும். ஒருவர் பாட்டைச் சொல்ல, மற்றவர் செடியைக் காட்டட்டும். கண்ட செடியின் இலை, பூ, கிழங்கு ஆகியவற்றின் இயல்பினையும், அவ்வூர் முதியோர், ஆடு மேய்ப்போர், நாட்டு மருத்துவர், ஹக்கீம்கள் அதற்கு வழங்கும் பெயரினையும் ஏட்டில் குறிக்கட்டும். மேந்தோன்னி என்னும் ஒரு வழக்குச்சொல் எத்துணை ஒளி தந்தது என்பதை மேலே கண்டோம். நம் ஊர்ப் பாட்டியர் நாவில் இன்னும் எத்தனை சங்கச்சொற்கள் எஞ்சியுள்ளனவோ, அவர்கள் மறையுமுன் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

கல்லூரித் தோட்டத்தின் ஒரு மூலையில் காந்தளை வளர்க்கலாம்; ‘நச்சுடையது, கிழங்கினைத் தொட்டு விளையாடற்க’ என்னும் எச்சரிக்கைப் பலகையும் உடன் வேண்டும். கைப்பேசியில் படம் தேடிக் காணும் வசதி இன்று ஒவ்வொரு மாணவனிடமும் உள்ளது. அது துணையாகுமேயன்றி முடிவாகாது. பூவின் நிறத்தை மட்டும் காட்டும் படத்தினால் சூலகம் எங்குள்ளது, கிழங்கு எவ்வாறுள்ளது என்பதைக் கூறவியலாது. இவை அனைத்தினும் முதன்மையாக, வினாத்தாளில் ‘காந்தள் – குறிப்பு வரைக’ என்னும் வினாவோடு, ‘காந்தளையும் கோடலையும் பாட்டுச் சான்றுகளால் வேறுபடுத்துக’ என்னும் வினாவும் இடம்பெறவேண்டும். வினா மாறினால் படிப்பு மாறும்.

கோடல் பற்றி நாம் மேலே கூறிய கருத்தை ஒரு மாணவன் நாளை தக்க சான்று காட்டி மறுப்பானாயின், அதனினும் மகிழ்ச்சி தருவது வேறில்லை. அவன் புதரருகே குனிந்து, பூவைத் திருப்பிப் பார்த்து, பாட்டினைத் திரும்பப் படித்து வந்து மறுக்கவேண்டும் என்பதே நம் வேட்கை. ஆதமின் மக்களாகிய நமக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்க்குரிய பொருளை அறிந்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் நம் கடன். இவ்வாண்டு கார் பொய்க்காது பெய்யட்டும். வேலிகளில் தோன்றி விளக்கேற்றட்டும். நம் மாணவர் அதனைப் பெயர் சொல்லி அழைக்கட்டும். அதற்கு இறையருள் துணை நிற்பதாக.